கோதண்டத்தின் காலி டம்ளர்

தம்பி,

நீ நலமா என்று கேட்டு ஆரம்பிக்க எனக்குத் துணிச்சல் இல்லை. நீ நலமாக இல்லை என்பது எனக்குத் தெரியும். இன்றோடு பத்தொன்பது நாளாக நீ என் போனை எடுக்கவில்லை, உன் அம்மாவின் போனையும் எடுக்கவில்லை. நாங்கள் அனுப்பிய குரல் செய்திகளும் கேட்கப்படாமலே கிடக்கின்றன. அதனால்தான் பேனாவை எடுத்தேன். உரக்கடைக்குச் சீட்டு எழுதுவதைத் தவிர இந்தக் கை எதையும் எழுதிப் பல வருஷம் ஆகிறது. எழுத்து கோணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொண்டு படி. இதை உனக்கு மட்டும் எழுதவில்லை. நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் எல்லோரும் படிக்கவேண்டும் என்று எழுதுகிறேன். பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து அதில் போடப்போகிறேன். நீ அந்தக் குழுவை விட்டு வெளியேறிவிட்டாய், ஆனால் உன்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் எல்லோரும் இன்னும் அதில்தான் இருக்கிறார்கள். உன் அறையில் தங்கியிருக்கும் ரஹீமுக்கும் அனுப்புகிறேன். நீ படிக்காவிட்டால் தானே படித்துக்காட்டுவதாகச் சொல்லியிருக்கிறான், அந்தக் கூத்தாநல்லூர்ப் பிள்ளை நன்றாக இருக்கட்டும்.

அன்றைக்கு நான் செய்ததை முதலில் ஒப்புக்கொள்கிறேன். மதியம் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் சாய்ந்தபடி செல்லை நோண்டிக்கொண்டிருந்தேன். 'ஓட்டுவீடும் ஒன்பது பேரும்' தொடரிலிருந்து இரண்டு நிமிஷத் துண்டு ஒன்று வந்தது. கோதண்டம் காலி டம்ளரோடு வாசலில் நிற்கிற காட்சி. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அதை அப்படியே குழுவில் போட்டு, "நம்ம வீட்டுக் கோதண்டம் சிங்கப்பூர்ல எப்படி இருக்காரோ?" என்று எழுதி, கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கும் முகம் நான்கைச் சேர்த்துவிட்டேன். திருக்காட்டுப்பள்ளியிலிருந்து உன் மாமா சிரித்தார். உன் சித்தப்பா சிரித்தார். கடைசியில் கயலும் ஒரு சிரிப்பு முகம் போட்டாள், கைக்குழந்தையை வைத்துக்கொண்டு யோசிக்காமல் போட்டிருப்பாள், பாவம். பத்து நிமிஷத்தில் நீ குழுவிலிருந்து விலகிவிட்டதாக ஒரு வரி வந்தது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. "பாரு, துரைக்குக் கோவம் வந்துடுச்சு" என்று உன் அம்மாவிடம் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

ரஹீம் அந்தத் தொடரைப் பார்த்திருக்கமாட்டான், அவனுக்காகவும் சொல்கிறேன். நான் இளவட்டமாக இருந்தபோது வந்த தொடர் அது. ஒரு ஓட்டுவீட்டில் எட்டுப் பேர் கொண்ட குடும்பம், பின்கட்டு அறையில் ஒன்பதாவது ஆளாகக் குடியிருக்கும் கோதண்டம். டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுக்கிறவன். வீட்டுக்காரர் மகள் வசந்தாமேல் அவனுக்கு உயிர். அவளுக்கு அவன் குடித்தனக்காரன், அவ்வளவுதான். வாரம் தவறாமல் காலி டம்ளரோடு சர்க்கரை கேட்டு வருவான், அவள் வெளியே வந்து "என்ன சார்?" என்றதும் வந்த காரணமே மறந்துபோகும். "ஒண்ணுமில்லீங்க, சும்மாத்தான் வந்தேன்" என்பான். உடனே எங்கிருந்தோ கொல்லென்று சிரிப்புச் சத்தம் போடுவார்கள். அந்தச் சத்தத்தோடு சேர்ந்து ஊரே சிரிக்கும். அவளே டம்ளரை வாங்கிச் சர்க்கரை போட்டுக் கொடுப்பாள். நீ ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது அதை ஞாயிறு காலைகளில் மறுபடியும் போட்டார்கள். என் மடியில் உட்கார்ந்து பார்ப்பாய். ஒருநாள் எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கும்போது நீ திரும்பி, "அப்பா, அவருக்குச் சாப்பாடு யாருப்பா போடுவா?" என்று கேட்டாய். "ஓட்டல்ல திம்பாருடா, பேசாமப் பாரு" என்றேன். பத்து வயதில் நீ கேட்ட கேள்வியை ஐம்பத்தெட்டு வயதுவரை நான் கேட்டுக்கொள்ளவே இல்லை.

கயல் உனக்கு மாமன் மகள், முறைப்பெண். அவள் பிறந்த பதினோராம் நாள், மூன்று வயதுப் பிள்ளையான உன்னைத் தூக்கித் தொட்டில் பக்கத்தில் நிறுத்தி, "இந்தாடா, ஒம் பொண்டாட்டி வந்துட்டா" என்று சொன்னவன் நான்தான். அதற்குப் பிறகு ஒரு பொங்கல் விட்டதில்லை, ஒரு காதுகுத்து விட்டதில்லை. அவள் தட்டில் அப்பளம் வைத்தால் "புருஷனுக்கு வெக்கலியா?" என்போம். அவளும் நீயும் ஒரே கேலியைக் கேட்டுத்தான் வளர்ந்தீர்கள். அவள் அதைக் கேலியாகவே கேட்டு அங்கேயே உதறிவிட்டுப் போனாள். நீ நம்பினாய். பெரியவர்கள் இத்தனை பேர் சொல்கிறார்களே, பொய்யா சொல்வார்கள் என்று நம்பினாய். நம் பக்கத்தில் எல்லா வீட்டிலும் பேசுகிற பேச்சுதான் இது, ஆனால் பேசிவிட்டு எழுந்துபோன எங்களுக்கு அது விளையாட்டு, நெஞ்சில் போட்டு வளர்த்த உனக்கு அதுதான் வாழ்க்கை. தஞ்சாவூரில் கல்லூரி விடுதியில் இருந்தபோது சனிக்கிழமை ஆனால் திருக்காட்டுப்பள்ளி பஸ்ஸில் ஏறிவிடுவாய். கையில் எப்போதும் ஒரு பை. "அம்மா உளுந்து குடுத்து அனுப்பிச்சாங்க அத்தை." உன் அம்மா கொடுத்தனுப்பியது இரண்டு தடவைதான். மற்றதெல்லாம் நீ தஞ்சாவூர்க் கடையில் வாங்கியது என்று உன் மாமாவே சொல்லிச் சிரித்தார். அன்றைக்குத்தான் உனக்குக் கோதண்டம் என்று பெயர் வைத்தேன்.

நீ ஒன்றும் மறைத்து வைக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த வருஷம் அவளிடம் நேராகக் கேட்டாய். அவளும் ஒளிவுமறைவில்லாமல், "அத்தான், எனக்கு அப்படி ஒரு நெனப்பே வந்ததில்ல. மனசுல வெச்சுக்காதீங்க" என்று சொன்னாள். நீ வந்து அம்மாவிடம் சொல்லி அழுதாய். அம்மா என்னிடம் சொன்னாள். அந்தப் பெண் சொன்னதுதான் முடிவு, அதை மதித்து மனசை மெல்லத் தேற்றிக்கொள் என்று உன் தோளில் கை வைத்து நான் சொல்லியிருக்கவேண்டும். நான் என்ன சொன்னேன்? "பொம்பளப் புள்ள, வெக்கப்படுது. முறை எங்க போயிடும்? பேசாம இரு, நான் மச்சான்கிட்டப் பேசிக்கிறேன்" என்றேன். அந்த ஒரு சொல்லை நம்பி இரண்டு வருஷம் நீ காத்திருந்தாய். நான் மச்சானிடம் பேசவும் இல்லை. பேசினால் இல்லை என்று சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பயம். என் கௌரவத்துக்காக உன் இரண்டு வருஷத்தைக் கொடுத்துவிட்டேன்.

கல்யாணத்தன்று நடந்ததை இன்றுவரை நாம் பேசியதே இல்லை. ரஹீம், எங்கள் வகையறாவில் ஒரு வழக்கம் உண்டப்பா. பெண்ணை வெளியில் கொடுத்தால், தாலி கட்டுவதற்கு முன்னால் முறைமாப்பிள்ளையை மேடைக்குக் கூப்பிட்டு, தட்டில் வேட்டி துண்டும் வெற்றிலை பாக்கும் வைத்துக் கொடுப்பார்கள். அவன் வாங்கிக்கொண்டு "சம்மதம்" என்று சொல்லவேண்டும். பெரும்பாலும் அது சிரிப்பும் கேலியுமாக ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். கயலுக்கு அவள் விரும்பிய கும்பகோணத்துப் பிள்ளையோடு கல்யாணம். நீ முந்தின நாளே, "என்னால முடியலப்பா. சித்தப்பா மவனை நிக்க வெச்சுக்குங்க" என்று கெஞ்சினாய். "நீ நிக்காட்டி ஊரு சிரிக்கும்டா" என்றேன். நின்றாய். தட்டை வாங்கினாய். தட்டிலிருந்து பாக்கு உருண்டு கீழே விழுந்தது. "சம்மதம்" என்று நீ சொன்னது எனக்கே காதில் விழவில்லை. மேடையை விட்டு இறங்கத் திரும்பியவன் தப்பான பக்கம் திரும்பி அவள் முன்னால் போய் நின்றுவிட்டாய். அவள் மெதுவாக, "என்ன அத்தான்?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்ல" என்றாய். பந்திக்குக் கூப்பிடுவதற்காக என் கையில் மைக்கைக் கொடுத்து வைத்திருந்தார்கள். வாய் சும்மா இருக்குமா? "ஒண்ணுமில்லீங்க, சும்மாத்தான் வந்தேன்!" என்று கோதண்டத்தின் குரலிலேயே சொன்னேன். மண்டபம் அதிர்ந்தது. நீயும் சிரித்தாய். நீயே சிரித்துவிட்டாய் என்பதால் என்மேல் தப்பில்லை என்று இத்தனை நாளும் வைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது மாதம் நீ சிங்கப்பூர் போய்விட்டாய்.

போன ஞாயிற்றுக்கிழமை ரஹீம் கூப்பிட்டான். "அப்பா, பயப்படாதீங்க. ஆனா சொல்லாம இருக்க எனக்கு மனசு வரல. மூணு நாளா வேலைக்குப் போகல. செவுத்தப் பாத்துப் படுத்திருக்கான். சாப்பாடு வெச்சா அப்படியே இருக்கு. நான் இருந்து யாருக்கு என்ன ஆகப்போகுதுங்கிறான்பா" என்றான். தம்பி, நான் வரப்பில் நின்றுகொண்டிருந்தேன். அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்து வயல்காரர் ஓடிவந்து தூக்கினார். யாருக்கு என்ன ஆகுமா? உன் அம்மா ஐந்து நாளாக அடுப்படியில் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நான் வாயைத் திறந்தால் "போதும், பேசாதீங்க" என்கிறாள். அவள் சொல்வது நியாயம்தான். என் பிள்ளையை என் வாயாலேயே கொஞ்சம் கொஞ்சமாக ஒழித்துவிட்டேனோ என்ற பயத்தில் எனக்கு அன்னந்தண்ணி இறங்கவில்லை.

அந்தத் துண்டுக் காட்சியை நேற்று மறுபடியும் பார்த்தேன். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்வதற்காகத்தான் பார்த்தேன். இந்த முறை சத்தத்தை அணைத்துவிட்டேன். அந்தச் சிரிப்புச் சத்தம் இல்லாமல் பார்த்தால் அதில் சிரிக்க ஒன்றுமே இல்லை, தம்பி. வசந்தாவுக்குக் கல்யாணத் தேதி வைத்துவிட்டார்கள் என்று அவளுடைய அம்மா சொல்கிறாள். அவன் தலையாட்டுகிறான். டம்ளரில் சர்க்கரை வாங்கிக்கொண்டு தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்துகிறான். சாத்துவதற்கு முன் ஒரு நொடி அறைக்குள்ளே தெரிகிறது. அலமாரியில் வரிசையாகப் பாட்டில்கள், எல்லாவற்றிலும் சர்க்கரை. ஸ்டவ் இல்லை, பால் பாத்திரம் இல்லை. அந்த ஆள் வீட்டில் ஒரு நாளும் காப்பி போட்டதில்லை. வாங்கிய சர்க்கரையை எல்லாம் அப்படியே வைத்திருக்கிறான். தொடரை எடுத்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. இத்தனை வருஷமாகப் பார்த்த எனக்குத்தான் கண் தெரியவில்லை. செல்லைக் கவிழ்த்து வைத்துவிட்டு அழுதேன்.

அழுது முடித்ததும் இன்னொன்று ஞாபகம் வந்தது, அது இதைவிட மோசம். சிங்கப்பூர் போன பிறகு நீ என்னை எத்தனை தடவை கூப்பிட்டிருப்பாய்? "அப்பா, பொங்கல் முடிஞ்சு ஒரு வாரம் வாங்களேன்." "உளுந்து தெளிக்கணும்டா." "சரிப்பா, சித்திரைல வாங்க." "வாய்க்கால் மராமத்து இருக்குடா, நான் இல்லாட்டி நடக்காது." தஞ்சாவூருக்கு அழைத்துப்போய்ப் பாஸ்போர்ட்டு எடுத்துக் கொடுத்ததே நீதான். அது பீரோவில் பட்டாவோடு சேர்ந்து கிடந்தது. ஒவ்வொரு தடவையும், "ஒண்ணுமில்லப்பா, சும்மாத்தான் கேட்டேன்" என்று சொல்லி வைத்துவிடுவாய். கயல் உன்னை வேண்டாம் என்றது ஒரே ஒரு தடவை, அதுவும் மரியாதையாக. நான் எத்தனை தடவை வேண்டாம் என்றேன் என்று எண்ணவே எனக்குத் தைரியம் இல்லை.

இந்தப் பத்தொன்பது நாளில் நானும் டம்ளரைத் தூக்கிக்கொண்டுதான் அலைகிறேன். பெற்ற பிள்ளையிடம் பேசுவதற்குக் காரணம் தேடுகிறேன். "வயலு அடங்கல் நகல் எங்கப்பா வெச்சே?" என்று ஒரு செய்தி. அடங்கல் நகல் என் தலையணைக்கு அடியிலேயே இருக்கிறது. "கேஸ் புக் பண்ண அந்த நம்பரு என்னப்பா?" என்று இன்னொன்று. சிலிண்டர் முந்தாநாள்தான் வந்தது. நீ பார்க்கவில்லை. பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. பதில் வராத வாசலில் நிற்பது என்னவென்று பத்தொன்பது நாளில் எனக்கு இவ்வளவு தெரிந்துவிட்டது. நீ எத்தனை வருஷம் நின்றாய்!

அப்பா என்கிற முறையில் புத்தி சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறதா, தெரியாது. இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்தப் பெண்மேல் உனக்கு இருந்த ஆசையில் அவமானம் ஒன்றும் இல்லை. அது நல்ல ஆசை. அவளுக்கு அது இல்லாமல் போனதிலும் குற்றம் இல்லை, அவளைக் கோபித்துக்கொள்ளாதே. நீ கோபித்துக்கொள்ளவேண்டிய ஆள் நான். வேண்டிய மட்டும் திட்டு, குறுக்கே பேசமாட்டேன். ஆனால் அவளுக்கு நீ வேண்டாம் என்பதால் யாருக்குமே வேண்டாம் என்று கணக்குப் போட்டுவிடாதே. கோதண்டத்தின் சாப்பாட்டைப் பற்றி ஒரு பயலும் நினைக்காதபோது நினைத்த பிள்ளை நீ. அப்படிப்பட்ட மனசு உனக்கு இருக்கிறது, அது எங்களுக்கு வேண்டும். ரஹீம் உன்னை டாக்டரிடம் கூட்டிப்போகிறேன் என்று சொன்னானாம், மறுத்துவிட்டாயாம். காய்ச்சல் வந்தால் போகமாட்டோமா? இதற்கும் போகவேண்டும், நான் வந்து உன்னோடு உட்காருகிறேன். அதுவரை ரஹீம் கூடவே இருக்கட்டும், அவனை விரட்டாதே.

இதுவரை எழுதிவிட்டு, குழுவில் போடுவதற்காகப் பக்கங்களை அடுக்கிப் போட்டோ எடுக்க ஆரம்பித்தேன். உன் அம்மா எல்லாவற்றையும் வாங்கி நின்றுகொண்டே படித்தாள். ஐந்து நாளில் முதல் தடவையாக, "போதும்" என்பதைத் தாண்டி என்னிடம் பேசினாள். "மறுபடியும் அவனை மேடைல ஏத்தப்போறீங்களா? அன்னிக்கும் அவனைக் கேக்கல, இன்னிக்கும் கேக்கலியா?" என்றாள். சிரிக்க வைக்க உன்னை நிறுத்தியதும் தப்பு, அழ வைக்க நிறுத்துவதும் அதே தப்புதானே. மன்னிப்புக் கேட்கிற அவசரத்திலும் நான் மைக்கைத்தான் தேடியிருக்கிறேன். அதனால் குழுவில் ஒரே ஒரு வரி போட்டேன்: "என் மகனைக் கேலி செய்தது நான் செய்த பெரிய தப்பு, இனி யாரும் அந்தப் பெயரைச் சொல்லக்கூடாது." உன் மாமா கூப்பிட்டார், எடுக்கவில்லை. இந்தக் கடிதம் ரஹீமின் செல் வழியாக உனக்கு மட்டும்தான் வருகிறது. ஊர் படிக்கவேண்டுமா வேண்டாமா என்பதை நீ சொல். நீ சம்மதம் என்று சொன்னால்தான் அது சம்மதம். இந்தத் தடவை எனக்குக் காதில் விழும்படி சொல்.

திருவாரூர் ஏஜெண்ட் விசா வாங்கிக் கொடுத்துவிட்டார். வியாழக்கிழமை மதியம் திருச்சியிலிருந்து விமானம். சம்பா கதிர் விட்டிருக்கிறது, பக்கத்து வயல்காரர் "தண்ணிய நான் பாத்துக்கிறேன், நீங்க புள்ளையப் பாருங்க" என்று சொல்லிவிட்டார். வாய்க்காலும் நான் இல்லாமல் ஓடும் என்று இப்போதுதான் தெரிகிறது. எனக்கு இங்கிலீஷ் வராது, விமானத்தில் ஏறியதில்லை, அம்மா எழுதிக் கொடுத்த சீட்டில் உன் விலாசம் இருக்கிறது. ரஹீம் விமான நிலையத்துக்கு வருகிறேன் என்றான், வேண்டாம், அவன் உன்னை விட்டு நகரக்கூடாது என்று சொல்லிவிட்டேன். கேட்டுக் கேட்டு வந்துவிடுவேன்.

உளுந்து கொண்டுவரவில்லை. அடங்கல் நகல் கேட்டு வரவில்லை. கையில் ஒன்றும் இருக்காது, சொல்வதற்கு வேடிக்கையும் இருக்காது. கதவைத் தட்டுவேன். நீ எழுந்து வந்து திறக்கவேண்டும், அது ஒன்றைத்தான் கேட்கிறேன். அதுவரைக்கும் நீ இருக்கவேண்டும், தம்பி. திறந்து "என்னப்பா?" என்று கேள். ஒண்ணுமில்லப்பா, சும்மாத்தான் வந்தேன்.

அப்பா